யார் வீட்டில் என்ன சாப்பிடலாம்? மலேசியாவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவன். வேலைக்கும் படிப்புக்கும் தமிழ்நாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் வருடாவருடம் எங்கள் தாமானில் அறை எடுக்கிறார்கள். தாமான் என்றால் பூங்கா என்று அகராதி சொல்லும். இங்கே அது குடியிருப்புப் பகுதி. வந்த முதல் வாரத்திலேயே எல்லாரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இங்கே எல்லா இனமும் உண்மையிலேயே ஒற்றுமையா இருக்காங்களா, இல்ல விளம்பரத்துக்குச் சொல்றாங்களா அண்ணே?"

விளம்பரத்தில் நாலு பேர் நாலு விதமாக உடுத்திக்கொண்டு கை கோத்து நிற்பார்கள். நிஜத்தில் யாரும் அப்படி நிற்பதில்லை. அடுத்த வீட்டுக்காரர் எதைச் சாப்பிடமாட்டார், எந்த நாளில் எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கும், எந்தப் பேச்சை எந்த மேசையில் எடுக்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இங்கே ஒற்றுமை என்று நான் பார்த்தது அதைத்தான். அதைப் புதிதாக வருகிற ஒருவர் எந்த வரிசையில் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதிப் பார்க்கிறேன்.

1. முதல் நாள்: சுவரில் ஒரு நாட்காட்டி

சிரிக்காதீர்கள். சீன மளிகைக் கடைகளில் பெரிய எழுத்தில் ஒரு நாட்காட்டி தொங்கும். குதிரைப் பந்தய நாட்களில் சின்னதாக ஒரு குதிரைப் படம் இருப்பதால் அதற்குக் 'கலெண்டர் கூடா', அதாவது குதிரைக் காலண்டர் என்று பெயர். ஆங்கிலத் தேதிக்குப் பக்கத்திலேயே சீனச் சந்திரத் தேதி, இஸ்லாமியத் தேதி, பள்ளி விடுமுறை, மாநில விடுமுறை எல்லாம் இருக்கும். இந்த நாட்டை ஒரே தாளில் பார்க்கவேண்டும் என்றால் அதைத்தான் பார்க்கவேண்டும்.

மாநிலத்துக்கு மாநிலம் விடுமுறை மாறும் என்பதை அதில் முதலில் கவனியுங்கள். கெடா, கிளந்தான், திரெங்கானுவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஜோகூர் 2025 தொடக்கத்தில் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. தீபாவளிக்கு சரவாக் தவிர எல்லா இடத்திலும் விடுமுறை. தைப்பூசத்துக்குச் சில மாநிலங்களில் மட்டும். மே 30, 31 சபாவில் காமத்தான் அறுவடை விழா, ஜூன் 1, 2 சரவாக்கில் காவாய் அறுவடை விழா. நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய 11 நாள் முன்னே நகரும்.

அப்புறம் ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும். ஆகஸ்ட் 31, 1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது. மலேசியா என்ற நாடு பிறந்தது செப்டம்பர் 16, 1963இல், சபாவும் சரவாக்கும் சிங்கப்பூரும் சேர்ந்தபோது. சிங்கப்பூர் 1965இல் பிரிந்துபோனது. சபாக்காரரிடமோ சரவாக்காரரிடமோ போய் "நாட்டுக்கு இத்தனையாவது பிறந்தநாள்" என்று 1957இலிருந்து எண்ணிச் சொன்னால் முகம் சுருங்கும். செப்டம்பர் 16 நாடு முழுவதற்கும் விடுமுறையானதே 2010இலிருந்துதான்.

2. முதல் வாரம்: மாமாக் கடை

மலேசியத் தமிழில் காலைச் சாப்பாட்டுக்குப் 'பசியாறுவது' என்று பெயர். "பசியாறியாச்சா?" என்று கேட்டால் நலமா என்று கேட்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம். மலாய்க்காரர் "சூடா மாக்கான்?" என்பார், பொருள் அதேதான். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதில் சொல்லப்பட்ட மூன்றும் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக். முதலாவது மலாய்க்காரர் வீட்டு தேங்காய்ப்பால் சோறு. மற்ற இரண்டும், அதாவது பரோட்டாவும் இழுத்து ஆற்றிய பால் தேநீரும், நம் தமிழ் முஸ்லிம்கள் கைவண்ணம். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துச் சாப்பிடுகிறவர் சீனராகவும் இருப்பார்.

அந்தக் கடைகளை நடத்திய தமிழ் முஸ்லிம்களை 'மாமா' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அது 'மாமாக்' ஆனது. இன்றைக்கு எந்த இனத்தவரும் பணியாளரை "அண்ணே" என்றோ "பாஸ்" என்றோதான் கூப்பிடுகிறார்கள். ஒரு சீனப் பையன் "மச்சா, தே தாரிக் சத்து!" என்று குரல் கொடுப்பதைக் கேட்டதும் ஊரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சத்து என்றால் ஒன்று.

எல்லா இனமும் ஏன் இங்கே கூடுகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்றி இல்லை, ஆகவே முஸ்லிம் வரலாம். ரொட்டியும் பருப்பும் இருக்கிறது, சைவக்காரர் வரலாம். விலை எட்டும் தூரத்தில், பல கடைகள் ராத்திரி முழுக்கத் திறந்திருக்கும், பெரிய திரையில் பந்தாட்டம் ஓடும். யாரும் ஒற்றுமைக்காக வருவதில்லை, சாப்பிட வருகிறார்கள்.

நடைமுறைக்கு: சீனி குறைவாக வேண்டுமென்றால் "கூராங் மானிஸ்". சீனியே வேண்டாமென்றால் "கோசோங்". பால் இல்லாத தேநீர் "தே ஓ". கட்டி எடுத்துப்போக "புங்குஸ்" அல்லது "தாப்பாவ்". இரண்டாவது சீனச் சொல், ஆனால் எல்லாரும் சொல்வார்கள். கணக்குக் கேட்க "கிரா!" பாலுக்கு மலாயில் 'சூசூ' என்று பெயர் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வந்த என் உறவுக்காரப் பையன் அதைக் கேட்டு வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிட்டான்.

3. யார் எதைச் சாப்பிடமாட்டார்

இதை ஒழுங்காகக் கற்றால் பாதி வேலை முடிந்தது.

முதலில் உங்கள் பக்கம். மாட்டிறைச்சி சாப்பிடாதவராக இருந்தால் நாசி கண்டார் கடையில் கவனம் வேண்டும். காவடிபோல் தோளில் தண்டு வைத்துச் சுமந்து விற்ற சோறு அது, பினாங்குத் தமிழ் முஸ்லிம்களின் பெருமை. அதன் ருசியே நாலைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவதில்தான் இருக்கிறது. 'கூவா சம்போர்' என்பார்கள், கலந்த குழம்பு. அதில் மாட்டுக் குழம்பும் இருக்கலாம். "தாக் மாஹு டாகிங், கூவா ஆயாம் சஹாஜா" என்று சொல்லுங்கள்: மாடு வேண்டாம், கோழிக் குழம்பு மட்டும். 'டாகிங்' என்றால் இறைச்சி என்று பாடப்புத்தகம் சொல்லும். கடையில் அது பெரும்பாலும் மாடுதான்.

சைவக்காரர்களுக்கு இன்னும் பெரிய கண்ணி பெலாச்சான். அரைத்துக் காயவைத்த இறால் கட்டி. கீரை வதக்கலிலும் சம்பல் எனும் மிளகாய்த் துவையலிலும் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். "காய்கறிதானே" என்று கீரையை ஆர்டர் செய்துவிட்டு மணத்தை வைத்துக் கண்டுபிடித்தவர்கள் ஏராளம். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி சேர்ந்தே இருக்கும். சைவத்துக்கு நல்ல இடம் வாழையிலைக் கடை, அல்லது சீன பௌத்தர் நடத்தும் சைவக் கடை. பின்னதில் வாத்து, மீன் என்று பெயர்ப்பலகையில் பார்த்துப் பயப்படவேண்டாம். எல்லாம் சோயாவும் காளானும். தீவிர பௌத்தர் சமைத்தால் வெங்காயம், பூண்டும் இருக்காது. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே இடம் கிடைப்பது கஷ்டம், பல சீனர்களுக்கு அவை விரத நாட்கள். நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்குத்தான். கேட்டால் ஆச்சரியப்படுவார்கள், நாமும்தான்.

இனி அடுத்தவர் பக்கம். முஸ்லிம் நண்பரோடு சாப்பிடப் போனால் இடத்தைத் தேர்வு செய்யும் உரிமை அவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'இந்தக் கடையில் பன்றி இல்லை' என்று நீங்கள் சொல்வது போதாது. பலர் அரசின் இஸ்லாமியத் துறையான ஜாக்கிம் தரும் ஹலால் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள். சீனக் கோப்பிக் கடையில் ஒரே கூரையின் கீழ் பல ஒட்டுக்கடைகள் இருக்கும். ஹலால் கடைத் தட்டை இன்னொரு கடையில் வைப்பது, பன்றி நூடுல்ஸைக் கொண்டுபோய் ஹலால் மேசையில் வைப்பது, இரண்டையும் செய்யாதீர்கள். யாரும் சத்தம் போடமாட்டார்கள். அமைதியாக எழுந்து போவார்கள். அது இன்னும் மோசம்.

சீனர் எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிடுவார்கள் என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. குவான் யின் அம்மனை வணங்கும் பல சீனக் குடும்பங்கள் மாட்டை வீட்டுக்குள்ளேயே விடாது. என் பள்ளித் தோழன் வீட்டில் அப்படித்தான். அவன் அம்மா என்னைப் பார்த்து "நீயும் நம்ம மாதிரிதான்" என்று மலாயில் சொல்லுவார். எங்களுக்குப் பொதுவாக இருந்த ஒரே மொழி அது.

அலுவலகத்தில் கலந்த கூட்டத்துக்குச் சாப்பாடு வாங்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால்: ஹலால் கடை, மாடு இல்லாத பட்டியல், ஓரத்தில் ஒரு சைவத் தட்டு. இந்த மூன்றும் இருந்தால் யாரையும் தனியாகக் கேட்கவேண்டியதில்லை.

நோன்பு மாதத்தில் முஸ்லிம் அல்லாதவர் பகலில் சாப்பிடத் தடை ஏதுமில்லை. ஆனாலும் நோன்பு இருக்கும் சகாவின் மேசைக்கு எதிரே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கவேண்டாமே. மாலையில் ரமலான் சந்தைக்குப் போங்கள்; அங்கே எல்லா இனமும் வரிசையில் நிற்கும். தமிழ் முஸ்லிம் பள்ளிவாசல்களில் நம்மூர் நோன்புக் கஞ்சியும் கிடைக்கும்.

4. மொழியும் பெயரும்

மலாய் கற்பது உங்களுக்கு எளிது. காரணம், பாதிச் சொற்களை நாம்தான் கொடுத்திருக்கிறோம் என்று பெருமையடித்துக்கொள்வோம். பாதி இல்லை, ஆனால் இருக்கிறது. கடை அங்கே 'கெடாய்', கப்பல் 'காப்பால்', கட்டில் 'காத்தில்', பெட்டி 'பெத்தி', மாம்பழம் 'மெம்பெலாம்', கொத்துமல்லி 'கெத்தும்பார்', முதல் போடுவது 'மோடால்'. நோன்புக்கு மலாயில் 'புவாசா', உபவாசம்தான். எதிர்ப்பக்கமும் உண்டு. 'காக்கா' என்று யாரோ கூப்பிடுவது கேட்டால் காகத்தையும் தேடாதீர்கள், காயல்பட்டணத்து அண்ணனையும் தேடாதீர்கள். மலாயில் 'காகாக்' என்றால் அக்கா.

ஒரே ஒரு சொல் மட்டும் கற்கமுடியும் என்றால் 'போலே' கற்றுக்கொள்ளுங்கள். முடியும், சரி, பரவாயில்லை, ஆகட்டும் எல்லாம் அதில் அடங்கும். கேள்வியாக இழுத்தால் "முடியுமா?" தலையாட்டிச் சொன்னால் "முடியும்." 'தாக் போலே' என்றால் முடியாது.

பெயர் விஷயத்தில் புதியவர்கள் தடுமாறுவார்கள். மலாய்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. 'பின்', 'பிந்தி' என்பதற்குப் பின்னால் வருவது அப்பா பெயர். அதனால் அகமது பின் இஸ்மாயிலை "என்சிக் அகமது" (திரு அகமது) என்று கூப்பிடவேண்டும், "மிஸ்டர் இஸ்மாயில்" என்றால் அவர் அப்பாவைக் கூப்பிட்டதாகும். திருமணமான பெண்ணுக்குப் 'புவான்'. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் நிற்கும்: 'தான் மெய் லிங்' என்பவரின் குடும்பப் பெயர் 'தான்', ஆகவே அவர் 'மிஸ் தான்', நெருங்கியவர்களுக்கு மெய் லிங். மலேசியத் தமிழர் பெயரில் நடுவே ஏ/எல், ஏ/பி என்று இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான். இன்னாருடைய மகன், மகள். தமிழ்நாட்டிலிருந்து ஓர் எழுத்து முன்னெழுத்தோடு வருகிற உங்களுக்குத்தான் சிக்கல். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்டால் அப்பா பெயர் ஏறிவிடும், பிறகு வங்கியில் எல்லாரும் உங்களை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

டத்தோ, டான்ஸ்ரீ, துன் போன்ற பட்டங்களை விடாமல் சொல்லவேண்டும். இந்த நாட்டில் பட்டத்துக்கு மரியாதை அதிகம்.

5. கை, கால், செருப்பு

இது சின்னப் பகுதி. செருப்பை வாசலில் விடுவது உங்களுக்குப் புதிதல்ல. கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால். ஆளையோ இடத்தையோ சுட்டு விரலால் காட்டாமல், விரல்களை மடக்கிக் கட்டை விரலால் காட்டுவார்கள். மலாய்ப் பெண்களிடம் நீங்களாகக் கை நீட்டாதீர்கள். அவர் நீட்டினால் கொடுங்கள், இல்லையென்றால் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும். நாய் வளர்த்தால், மலாய்க்காரர் ஏறும் மின்தூக்கியில் அடுத்த தடவைக்குக் காத்திருங்கள்.

துக்க வீட்டைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் சொல்கிறேன். மலாய்க்காரர் பெரும்பாலும் அன்றைக்கே அடக்கம் செய்துவிடுவார்கள், தகவல் வந்ததும் கிளம்பவேண்டும். பெண்கள் தலையில் துணி போட்டுக்கொள்வது மரியாதை. சீனர் வீட்டுத் துக்கத்துக்குச் சிவப்பு உடுத்தக்கூடாது. வெள்ளை உறையில் பணம் கொடுப்பார்கள், ஒற்றைப்படைத் தொகையாக. திரும்பும்போது ஒரு மிட்டாயும் சிவப்பு நூலும் தருவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பது தப்பு.

6. ஒரு சனிக்கிழமை: மலாக்கா

இரண்டாவது மாதம், கையில் கொஞ்சம் வெள்ளி சேர்ந்ததும் மலாக்கா போங்கள். வெள்ளி என்றால் ரிங்கிட். எங்கள் பேச்சில் அதுதான். மலாக்காவும் பினாங்கின் ஜார்ஜ் டவுனும் 2008இல் சேர்ந்தே உலக மரபுச் சின்னங்களாயின. சிவப்புக் கட்டடத்தின் முன்னால் படம் எடுத்துவிட்டு எல்லாரும் திரும்பிவிடுவார்கள். நீங்கள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்கு நடங்கள். பத்தர் தெரு என்று பொருள்.

அங்கே 1781இல் கட்டிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில். சில அடிகள் தள்ளிக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1748. அதே வரிசையில் இன்னும் கொஞ்சம் நடந்தால் 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். பள்ளிவாசலை நின்று பாருங்கள்: கோபுரம் சீன அடுக்குக் கோபுரம்போல, கூரை பிரமிடுபோல அடுக்கடுக்காக, உள்ளே ஐரோப்பியத் தூண்கள். இந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டியது. யாரும் உட்கார்ந்து 'பல்லின ஒற்றுமைக் கட்டடம்' என்று திட்டம் போடவில்லை. ஊரில் கிடைத்த கொத்தனார், கிடைத்த ஓடு, தெரிந்த வேலை.

'கிளிங்', 'கெலிங்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று. கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியர் எல்லாருக்கும் பொதுப்பெயர். இன்றைக்கு ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னால் அது வசவு. தெருப்பெயரிலும் பள்ளிவாசல் பெயரிலும் வரலாறாக நிற்கிறது, அங்கே கோபப்படவேண்டாம்.

அதே ஊரில் காஜா பெராங் பக்கம் மலாக்கா செட்டிகள் இருக்கிறார்கள். நூற்றாண்டுகளுக்கு முன் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான சமூகம். பலர் பெயர் பிள்ளை என்று முடியும், வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கைலியும் மேற்சட்டையுமான சாரோங் கெபாயா, வணங்குவது மாரியம்மன். பொங்கலையொட்டி முன்னோருக்கு வாழையிலையில் படையல் போடுவார்கள். தமிழே தெரியாத ஒருவர் தேவாரத்துக்குக் கை கூப்பி நிற்பதைப் பார்த்தால், தமிழன் என்றால் யார் என்று ஊரில் நாம் வைத்திருக்கும் வரையறை கொஞ்சம் ஆட்டம் காணும். டொண்டாங் சாயாங் என்ற பாட்டு மரபை 2018இல் யுனெஸ்கோ ஏற்றது. அதை மலாய்க்காரர், பாபா நியோஞ்யா எனும் சீனக் கலப்பு வம்சாவளியினர், செட்டிகள், போர்த்துகீசிய வம்சாவளியினர் என நாலு சமூகமும் பாடும். பாட்டு பந்துன் எனும் மலாய் நாலடிச் செய்யுள். எதிரே நிற்பவர் பாடியதற்கு அங்கேயே பதில் கட்டவேண்டும், கிண்டல் சேர்த்து.

பினாங்குக்குப் போனால் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சுற்றுவட்டத்தில் இதே காட்சி பெரிய அளவில்: 1801இன் பள்ளிவாசல், 1818இன் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பின்தெருவில் 1833இன் மகா மாரியம்மன். தைப்பூசத்தையொட்டி அங்கே தேர் வரும் வழியில் தேங்காய் உடைக்கும் சீனர்களைப் பாருங்கள். வேண்டுதல் நிறைவேறியிருக்கும், அவ்வளவுதான் காரணம். பத்துமலையின் 272 படிகளிலும் பால்குடம் சுமக்கும் சீனர்கள் இருப்பார்கள். அவர்களைப் படம் பிடிக்க முண்டியடிக்காதீர்கள்.

7. பேசாமல் கேட்கவேண்டியவை

இந்த அமைதி சும்மா வந்ததல்ல. 1969 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு, 13ஆம் தேதி கோலாலம்பூரில் இனக்கலவரம் வெடித்தது. அதிகாரபூர்வக் கணக்கில் 196 பேர் இறந்தார்கள். நாடாளுமன்றம் 1971 வரை கூடவில்லை. 'ருக்குன் நெகாரா' என்ற தேசியக் கோட்பாடு 1970 ஆகஸ்ட் 31இல் பிறந்தது அந்தக் காயத்திலிருந்துதான். இறைநம்பிக்கை, மன்னருக்கும் நாட்டுக்கும் விசுவாசம், அரசியலமைப்பின் மேன்மை, சட்டத்தின் ஆட்சி, ஐந்தாவதாக நன்னடத்தையும் ஒழுக்கமும். பள்ளி நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில் ஐந்தும் அச்சாகியிருக்கும், எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஐந்தாவதுக்கு மலாயில் 'கெசோபானான் டான் கெசுசிலாஆன்'. அதற்குள்ளே நம் சுசீலம் ஒளிந்திருக்கிறது. அன்றாடத்துக்கு உதவுவதும் அதுதான்.

என் பெற்றோர் காலத்தவர்கள் மே 13 பற்றிக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். அதனால் இனம், மதம், அரச குடும்பம் ஆகிய மூன்றையும் நீங்களாகக் கிளப்பாதீர்கள். சமூக ஊடகத்திலும் கூடாது. வழக்கு வரை போகும். மலாய்க்காரருக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் அரசியலமைப்பின் 153ஆவது பிரிவு சிறப்பு நிலை தருகிறது. இவர்களைப் பூமிபுத்ராக்கள் என்பார்கள். 2020 கணக்கெடுப்பில் குடிமக்களில் அவர்கள் 69.4 விழுக்காடு, சீனர் 23.2, இந்தியர் 6.7. இதை வைத்துக்கொண்டு இங்கே நீண்டகால வாதங்கள் உண்டு, மனத்தாங்கலும் உண்டு, எனக்கும் உண்டு. தமிழ்நாட்டு இட ஒதுக்கீட்டு விவாதத்தை அப்படியே இறக்குமதி செய்து தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு வருடம் கேளுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் கேளுங்கள், மலாய் டாக்சிக்காரரிடம் கேளுங்கள், சீனக் கடைக்காரரிடம் கேளுங்கள். மூன்று பேரும் தங்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது என்பார்கள்.

அப்புறம் சபா, சரவாக். அங்கே போக உள்நாட்டு விமானம்தான், ஆனாலும் கடவுச்சீட்டு வேண்டும். அவர்களுக்குத் தனிக் குடிநுழைவு அதிகாரம் உண்டு. இபான், பிடாயூ, கடசான்டூசுன், பஜாவ் என்று அங்கே கணக்கு வேறு, 'மூவினம்' என்ற சொல் பொருந்தாது. அங்கே போய் 'மலாய்க்காரரா, சீனரா?' என்று கேட்டால் சிரிப்பார்கள். இரண்டும் சேர்ந்து, மூன்றாவதும் இருக்கும்.

8. வீடு தேடும்போது

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். வாடகை விளம்பரத்தில் 'இன்ன இனத்தவர் மட்டும்' என்று பச்சையாகப் போடுகிறவர்கள் உண்டு. தொலைபேசியில் உங்கள் பெயரைச் சொன்னதும் "வீடு போயாச்சு" என்று கேட்க நேரலாம். எங்கள் தாமானில் தங்கிய ஒரு பையனுக்கு ஒரே வாரத்தில் மூன்று தடவை அப்படி நடந்தது. மனது நோகும். வாதாடிப் பயனில்லை. வேலையிடத்தில் யாராவது அறிமுகத்தோடு பேசினால் அதே கதவு திறக்கும். பார்க்கப் போகும்போது சமையல் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். தாளிப்பு மணமும் சுவரில் எண்ணெய்க் கறையும்தான் பல வீட்டுக்காரர்களின் பயம். முஸ்லிம் வீட்டுக்காரர் என்றால் அந்தச் சமையலறையில் பன்றி சமைக்கமாட்டேன், மது வைக்கமாட்டேன் என்று நீங்களே சொன்னால் அவர் நிம்மதியாவார்.

குடியேறியபின் உங்கள் பகுதியில் ருக்குன் தெத்தாங்கா இருக்கிறதா என்று விசாரியுங்கள். 1975இலிருந்து இருக்கிற அக்கம்பக்கக் குழு. முன்பு இரவுக் காவல், இப்போது பெரும்பாலும் கோத்தோங் ரோயோங், அதாவது கூட்டாகச் சாக்கடை சுத்தம் செய்வது. ஞாயிறு காலை மண்வெட்டியோடு போய் நில்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் அன்றைக்குத் தெரிந்துவிடும்.

9. திறந்த இல்லம்: முதலில் விருந்தாளியாக, பிறகு வீட்டுக்காரராக

பெருநாட்களில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்து எல்லாரையும் அழைப்பதற்கு 'ரூமா தெர்புக்கா', திறந்த இல்ல உபசரிப்பு என்று பெயர். நோன்புப் பெருநாளின் முதல் ஓரிரு நாள் குடும்பத்துக்கு. அதற்குப் பிறகு அந்த மாதம் முழுவதும் அழைப்பு வரும். "செலாமாட் ஹரி ராயா, மாஆஃப் சாஹிர் டான் பாத்தின்" என்றால் வாழ்த்தோடு மன்னிப்பும் கேட்டாயிற்று. சீனப் பெருநாளுக்குப் போனால் மண்டரின் ஆரஞ்சு, ஜோடியாக. கறுப்பு, வெள்ளை உடுப்பு வேண்டாம், கடிகாரம் பரிசளிக்கவேண்டாம். திருமணமாகாதவராக இருந்தால் உங்களுக்கும் சிவப்பு உறையில் அங் பாவ் பணம் கிடைக்கும். அங்கேயே பிரித்துப் பார்க்காதீர்கள். அந்த உறை பச்சையாகி நோன்புப் பெருநாளுக்குப் போனது, ஊதாவாகித் தீபாவளிக்கு வந்தது. இங்கே தீபாவளிக்குப் பிள்ளைகள் காலில் விழுவது உறைக்காகவும்தான்.

எங்கே போனாலும் கொஞ்சமாவது சாப்பிடவேண்டும். முடியாவிட்டால் ஒரு பிஸ்கட்டாவது எடுத்துக் கடியுங்கள்.

முதல் தீபாவளிக்கு நீங்கள் அழைக்கும்போது, நான் செய்வதைச் சொல்கிறேன். சோறு, கறியெல்லாம் ஹலால் சான்றிதழ் உள்ள சமையல்காரரிடமிருந்து அல்லது தெரிந்த மாமாக் கடையிலிருந்து. யாரிடமிருந்து என்று அழைக்கும்போதே சொல்லிவிடுவேன், விருந்தாளி தானாகக் கேட்கக் கூச்சப்படுவார். தட்டும் குவளையும் காகிதத்தில். மாடு இல்லை. மது அன்றைக்கு இல்லை; உறவுக்காரர்கள் முணுமுணுப்பார்கள், அவர்களுக்கு வேறு நாள் இருக்கிறது. சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி. தொழுகை நேரத்துக்கு ஓர் அறையில் சுத்தமான பாய், தொழும் திசையான கிப்லா எந்தப் பக்கம் என்று கைப்பேசியில் பார்த்து வைத்திருப்பேன். இட்லியை விட முறுக்குதான் முதலில் தீரும், ஆகவே நினைத்ததைப்போல் இரண்டு மடங்கு சுடுங்கள்.

முறுக்கு டப்பாவைப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிடுங்கள். நல்ல டப்பாவாகவே கொடுங்கள், போனால் போகட்டும் என்ற பிளாஸ்டிக்கில் வேண்டாம். எங்கள் வீட்டு எவர்சில்வர் சம்புடத்தில் அப்பா பெயர் வெட்டியிருக்கும். பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு, அதாவது மலாய் அத்தைக்கு, தமிழ் படிக்கத் தெரியாது. ஆனாலும் எத்தனை வீட்டுப் பாத்திரம் அவர் சமையலறையில் சேர்ந்தாலும், அந்த எழுத்தின் வளைவைப் பார்த்தே எங்களுடையதைத் தனியே எடுத்துவிடுவார். ஒரு வாரம் கழித்து வேலிக்கு மேலே அதை நீட்டுவார். ஒரு தடவைகூடக் காலியாக வந்ததில்லை. பெரும்பாலும் உள்ளே பாண்டான் இலை மணக்கும் பச்சைக் குவே பலகாரம், மேலே தேங்காய்த் துருவல்.